மலையூருக்கு வரும் விருந்தாளி



பகல் முழுவதும் தோப்பிலும் வயலிலும் வேலை பார்த்துவிட்டு, அந்தியில் படிக்க வந்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சு ஒரு விருந்தாளியைப் பற்றியது. அந்த விருந்தாளியின் பெயர் சுற்றுலா.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மகிழ்ச்சி. பாய் விரிக்கிறோம். தண்ணீர் கொடுக்கிறோம். இருப்பதைப் பகிர்ந்து உண்கிறோம். ஆனால் "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். விருந்தாளி எப்போது வருவது, எங்கே உட்காருவது, எத்தனை நாள் தங்குவது என்பதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. அந்த முறையை வகுப்பது வீட்டுக்காரர். வந்தவர் அல்ல.

ஊருக்கு வரும் விருந்தாளிக்கு முறை வகுப்பது யார்? ஊர்க்காரரா? வந்தவரா? இடையில் நிற்கும் வியாபாரியா? கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இதுதான்.

பக்கத்து ஊரில் நடந்தது

வெகுதூரம் போக வேண்டாம். பெருமாட்டிக்குத் தெற்கே முதலமடை. அதற்கு மேற்கே கொல்லங்கோடு. பச்சை வயல், வரிசையாகப் பனைமரம், பின்னால் நெல்லியாம்பதி மலை. மழைக்காலத்தில் மலையிலிருந்து வெள்ளி நூல் போல அருவி இறங்கும். அங்கே பிறந்தவர்களுக்கு இது தினமும் பார்க்கும் காட்சி. அது உழுகிற நிலம், மாடு மேய்க்கிற வரப்பு.

2023-ஆம் ஆண்டில் இந்தியாவின் அழகிய கிராமங்கள் என்று ஒரு பட்டியல் இணையத்தில் பரவியது. அதில் கொல்லங்கோட்டின் பெயரும் இருந்தது. செல்போனில் படம் பார்த்தவர்கள் கிளம்பி வந்தார்கள். விடுமுறை நாட்களில் காரும் பைக்கும் குறுகிய பாதைகளில் நிறைந்தன. தேநீர்க் கடைக்காரருக்கு வியாபாரம் நடந்தது. இளநீர் விற்றவருக்கும் நடந்தது. அதே நேரம் வரப்பில் பாட்டிலும் பொட்டலமும் கிடந்தன. வயலுக்குப் போகிற வழியில் வண்டிகள் நின்றன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் கொல்லங்கோட்டு உழவரைக் கேட்டுப் போடவில்லை. பஞ்சாயத்திடமும் கேட்கவில்லை. கழிப்பறை இருக்கிறதா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு படம் போதுமானதாக இருந்தது. இன்று எந்தச் சிற்றூருக்கும் இப்படி ஒரு நாள் வரலாம். பெருமாட்டிக்கும் வரலாம்.

பரம்பிக்குளத்துக்கு வந்தவர்கள்

முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது பரம்பிக்குளம். கேரளத்தில் இருக்கும் ஊர். ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். பாலக்காட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய மக்கள் அங்கே சிறு சிறு குடியிருப்புகளில் வாழ்கிறார்கள்.

அந்த மலைக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் கதை நீளமானது.

முதலில் மரத்துக்காக வந்தார்கள். 1900-களின் தொடக்கத்தில் கொச்சி அரசு காட்டுக்குள் ஒரு சிறிய ரயில் பாதை போட்டது. பரம்பிக்குளத்துத் தேக்கும் ஈட்டியும் அந்த வண்டியில் சாலக்குடிக்கு இறங்கின. பின்னர் அந்த ரயில் நின்றது.

அடுத்துத் தண்ணீருக்காக வந்தார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் வந்தது. காட்டுக்குள் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று அணைகள் எழுந்தன. இந்தத் திட்டத்துக்காகக் கேரளமும் தமிழ்நாடும் 1970-ஆம் ஆண்டு மே மாதம் ஒப்பந்தம் செய்தன. சித்தூர் வட்டத்து வயல்களுக்கு வரும் தண்ணீருக்கும் இந்தத் திட்டத்துக்கும் உறவு உண்டு. அது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பிறகு விலங்குகளைக் காக்க வந்தார்கள். 1973-இல் அது வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 2010-இல் புலிகள் காப்பகம் ஆனது.

இப்போது பார்க்க வருகிறார்கள்.

மரம், தண்ணீர், புலி, பார்வை. நான்கு முறை வெளியார் வந்தார்கள். முதல் இரண்டு முறையும் மலை மக்களுக்குக் கிடைத்தது கூலி மட்டும்தான். மரம் யாருக்கு, தண்ணீர் யாருக்கு என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இல்லை. நான்காவது முறையில் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது. அது என்ன மாற்றம் என்று பார்ப்போம்.

பரம்பிக்குளத்தில் சுற்றுலாவை நடத்துவது வனத்துறை. ஆனால் வழிகாட்டியாக வருபவர் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர். மூங்கில் தெப்பத்தைத் தள்ளுபவரும் அங்கத்தவர்தான். வேன் ஓட்டுவது, சமைப்பது, தங்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வது என்று பல வேலைகள் உள்ளூராருக்குக் கிடைக்கின்றன. சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாக இந்த வேலைகள் நடக்கின்றன. வருபவர் நினைத்த இடத்துக்கு வண்டியைத் திருப்ப முடியாது. வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் நடக்க முடியாது. பிளாஸ்டிக் பொருட்களைப் போட்டுவிட்டுப் போக முடியாது.

அங்கே கன்னிமாரா தேக்கு என்று ஒரு மரம் இருக்கிறது. அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய ஏழு மீட்டர். கைகோர்த்தால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேண்டும். முன்பொரு காலத்தில் அதை வெட்டப் போனபோது மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டது என்றும், அதனால்தான் அது தப்பியது என்றும் அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கதையை ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மண்ணில் பிறந்த ஒருவர் நின்று சொல்லும்போது அதற்கு வேறு மதிப்பு. கேட்பவர் அவரை "சார்" என்று அழைக்கிறார். காட்டைத் தெரிந்தவர் என்ற மதிப்பு அது. முன்பு கூலிக்கு மரம் இழுத்தவரின் பேரன், இப்போது காட்டைப் பற்றிப் பாடம் சொல்கிறார். இது சிறிய மாற்றம் அல்ல.

ஆனால் இதோடு கதை முடியவில்லை. பார்க்க வருபவர் தார்ச்சாலையில் வந்து போகிறார். அங்கேயே வாழ்பவருக்கு அவருடைய சொந்தப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வர நேர்வழி இல்லை. இன்னொரு மாநிலத்தைச் சுற்றி வர வேண்டும். முதலமடையின் செம்மணாம்பதிக்கும் மலைமேல் உள்ள தேக்கடிக்கும் இடையே ஒரு பாதை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டார்கள். இது இடுக்கித் தேக்கடி அல்ல, பரம்பிக்குளத்துப் பக்கம் உள்ள தேக்கடி. கேட்டுக் கேட்டு ஓய்ந்து, 2020 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், மக்களே மண்வெட்டி எடுத்து வழி வெட்டத் தொடங்கினார்கள். அவர்கள் மேல் வழக்கும் வந்தது.

விருந்தாளிக்குச் சாலை, வீட்டுக்காரருக்கு ஒற்றையடிப் பாதை. இது எந்த ஊரிலும் சரியாகாது. சுற்றுலா வளர்ந்ததா என்று பார்க்கும்போது ஆஸ்பத்திரிக்கு வழி வந்ததா, பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் வந்தாரா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நூறு ரூபாய் எங்கே போகிறது?

ஒரு சிறிய கணக்குப் போடலாம். இது புரிந்துகொள்வதற்கான கற்பனைக் கணக்குதான்.

நகரத்திலிருந்து ஒரு குடும்பம் மலைக்கு வருகிறது. நூறு ரூபாய் செலவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறையைப் பதிவு செய்து கொடுத்த கம்பெனிக்கு இருபது. விடுதி முதலாளிக்கு ஐம்பது. அவர் இருப்பது வேறு ஊரில். அரிசி, காய்கறி, எண்ணெய் நகரத்துச் சந்தையிலிருந்து வந்தது, அதற்கு இருபது. மீதிப் பத்து ரூபாய் ஊரில் தங்குகிறது. அறை பெருக்கிய பெண்ணுக்கும், காவல் இருந்தவருக்கும் கூலி. ஆனால் குப்பை எவ்வளவு ஊரில் தங்குகிறது? நூற்றுக்கு நூறு.

அதே குடும்பம் ஊர்க்காரர் வீட்டு அறையில் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊர் அவரையும் பூசணியும் சமைத்துப் போடுகிறார்கள். ஊர் இளைஞர் வழி காட்டுகிறார். ஊர் ஜீப்பில் போகிறார்கள். அப்போது அந்த நூறில் பெரும்பகுதி ஊரில் தங்குகிறது. வந்தவர் ஒருவரே, செலவும் ஒன்றே. ஏற்பாடு மட்டும்தான் வேறு.

இது வெறும் கணக்கு இல்லை. கோட்டயம் மாவட்டத்துக் குமரகத்தில் இது நடந்தது. காயல் கரையில் பெரிய விடுதிகள் வந்தன. ஊர்க்காரர்களுக்குக் குறைகள் பெருகின. 2008-ஆம் ஆண்டில் அங்கே பொறுப்புச் சுற்றுலா என்ற முறை தொடங்கியது. பஞ்சாயத்து, குடும்பஸ்ரீ, சுற்றுலாத் துறை, விடுதிகள் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். விடுதிச் சமையலறைக்கு வேண்டிய காய்கறியை ஊர்ப் பெண்கள் குழுவாக விளைவித்துக் கொடுப்பது என்று ஏற்பாடு ஆனது. தரிசாகக் கிடந்த நிலங்களில் மீண்டும் பயிர் வந்தது. பிறகு 2017-இல் கேரள அரசு இதற்காகத் தனி இயக்கமே தொடங்கியது.

குமரகத்தில் விடுதிகளை மூடவில்லை. விடுதிக்குள் போகும் பணத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி ஊருக்குத் திருப்பினார்கள். நடுவில் பஞ்சாயத்து நின்றதால்தான் அது முடிந்தது. தனி ஆளாகப் போய் விடுதி வாசலில் நின்றால் காய்கறிக்காரர்தான். குழுவாகப் போனால் பேச்சு வார்த்தை.

கேட்காமல் வருகிறவர்கள்

பணம் ஒரு பக்கம். மானம் இன்னொரு பக்கம்.

அந்தமான் தீவுகளில் ஜாரவா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். எண்ணிக்கையில் சில நூறு பேர்தான். அவர்களுடைய காட்டின் நடுவே அந்தமான் நெடுஞ்சாலை போகிறது. சுற்றுலா வண்டிகள் அந்தச் சாலையில் போயின. வண்டியில் இருந்தவர்கள் காட்டு விலங்கைத் தேடுவதுபோல மனிதர்களைத் தேடினார்கள். வாழைப்பழமும் பிஸ்கட்டும் எறிந்தார்கள். உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் படம் ஒன்று 2012 ஜனவரியில் வெளியானது. உலகமே தலைகுனிந்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஆனால் அந்தப் பெண்களின் மானத்தை எந்தத் தீர்ப்பு திருப்பிக் கொடுக்கும்?

இடுக்கி மாவட்டத்தில் இடமலைக்குடி இருக்கிறது. மூணாறுக்கு அப்பால், பெட்டிமுடியைத் தாண்டி, காட்டுக்குள் முதுவர் மக்கள் வாழும் குடிகள். 2010-இல் மூணாறுப் பஞ்சாயத்திலிருந்து பிரித்து அதைத் தனிப் பஞ்சாயத்து ஆக்கினார்கள். கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அதுதான்.

2020-இல் கொரோனா வந்தது. பெரிய நகரங்களில் பெரிய ஆஸ்பத்திரிகள் திணறின. இடமலைக்குடியில் ஆஸ்பத்திரி இல்லை. நல்ல சாலையும் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? கூடிப் பேசினார்கள். வெளியார் உள்ளே வரக் கூடாது என்று முடிவு செய்தார்கள். சாமான் வாங்க எல்லோரும் மூணாறுக்குப் போகாமல், ஒருவர் போய் வாங்கி வந்தார். போய் வந்தவர் தனியாக இருந்தார். ஒன்றரை ஆண்டுக்குப் பக்கம் அந்தப் பஞ்சாயத்துக்குள் ஒருவருக்கும் கொரோனா இல்லை. படித்தவர்கள் நிறைந்த ஊர்களால் செய்ய முடியாததை ஊருக்கூட்டத்தின் ஒரு முடிவு செய்தது.

2021 ஜூன் கடைசியில் பொதுவாழ்வில் இருப்பவர்களோடு, இணையத்துக்குப் படம் எடுக்கும் ஒருவரும் உள்ளே போய் வந்தார். ஆன்லைன் படிப்புக்கு உதவி கொடுக்கப் போனதாகச் சொன்னார்கள். கட்டுப்பாடு இருக்கும்போது ஏன் போனார்கள் என்று பெரிய விவாதம் எழுந்தது. அடுத்த மாதம் இடமலைக்குடியில் முதல் முறையாக இருவருக்குக் கொரோனா உறுதியானது. நோய் இவரால் வந்தது, அவரால் வந்தது என்று சுட்டிக் காட்டுவது இங்கே நோக்கம் அல்ல. அதற்குச் சான்றும் இல்லை. நல்ல எண்ணத்தோடு போவதும் உண்டு. கேள்வி வேறு. வீட்டுக்காரர் கதவைச் சாத்தியிருக்கும்போது, வெளியே நிற்பவர் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டாமா?

படம் எடுப்பதிலும் இதே முறைதான். ஊரில் ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறார். அது அவருடைய வாசல். கேமராவைத் தூக்குவதற்கு முன் "அம்மா, எடுக்கலாமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கேமரா இறங்க வேண்டும். கோயில் நோன்புக்கு ஆடும் ஆட்டம் ஒன்று. வந்தவர் கேட்கும்போதெல்லாம் ஆடும் ஆட்டம் வேறு. எதை ஆடிக் காட்டலாம், எதை ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் ஆடுகிறவர்களே.

வரும் காலமும் வராத காலமும்

2018-ஆம் ஆண்டு. மூணாறில் எல்லோரும் காத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அந்த ஆண்டு பூக்க வேண்டும். விடுதிகள் தயாராக இருந்தன. கடன் வாங்கி அறை கட்டியவர்கள் இருந்தார்கள். ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. மலை சரிந்தது. சாலை அறுந்தது. குறிஞ்சி பூத்தது, பார்க்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். இரண்டே ஆண்டில், 2020 மார்ச்சில், ஊரடங்கு வந்தது. மலைச் சாலைகள் வெறிச்சோடின. ஜீப் ஓட்டியவர்கள் தவணை கட்ட முடியாமல் தவித்தார்கள்.

அப்போது தப்பித்தவர்கள் யார்? ஒரு கை சுற்றுலாவிலும் ஒரு கை மண்ணிலும் வைத்திருந்தவர்கள். மூணாறுக்கு அந்தப் பக்கம் காந்தளூரும் வட்டவடையும் இருக்கின்றன. தமிழ் பேசும் உழவர்கள் நிறைந்த ஊர்கள். வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளையும். காந்தளூரில் ஆப்பிளும் காய்க்கும். பக்கத்து மறையூரில் கரும்புச் சாறு காய்ச்சி வெல்லம் உருட்டுகிறார்கள். அந்த வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-இல் மத்திய அரசின் சுற்றுலாத் துறை சிறந்த சுற்றுலாக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தபோது காந்தளூருக்குத் தங்க விருது கிடைத்தது.

நல்ல பெயர்தான். அதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. வந்தவர்கள் பார்க்க வருவது எதை? படிப்படியாக இறங்கும் பூண்டு வயலை, பழத் தோட்டத்தை, குளிர்ந்த காற்றை. நல்ல விலை வருகிறது என்று வயலை விடுதிக்கு விற்றால், அந்த விடுதி ஜன்னலிலிருந்து தெரிவது இன்னொரு விடுதியின் சுவர்தான். விற்ற பணம் கொஞ்ச நாளில் கரைந்துவிடும். நிலம் கைமாறினால் திரும்பாது. நேற்று வரை தோட்டத்துக்குச் சொந்தக்காரர், நாளை அதே தோட்டத்து வாசலில் காவல்காரர். இப்படிப் பல மலையூர்களில் நடந்திருக்கிறது.

ஆகவே சுற்றுலா ஊறுகாய் போல இருக்கட்டும். சோறு மண்ணிலிருந்து வரட்டும்.

வழி தெரிந்தவரும் தெரியாதவரும்

2018 மார்ச் 11. தேனி மாவட்டம், போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலை. கேரள எல்லையில் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். புல் காய்ந்து கிடந்த காலம். காற்று பலமாக அடித்தது. எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம் என்று தெரியவில்லை. 23 உயிர்கள் போயின.

செய்தி கேட்டதும் முதலில் மலை ஏறியவர்களில் ஊர் மக்களும் இருந்தார்கள். தண்ணீர் கொண்டு போனார்கள். காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கி இறக்கினார்கள். இருட்டில் அந்தப் பாதையில் நடக்க அவர்களால்தான் முடிந்தது.

மாசி பங்குனியில் எந்தச் சரிவில் தீ ஓடும், காற்று எந்த நேரம் திரும்பும் என்பது மலை மக்களுக்கு எழுதாத பாடம். அந்தப் பாடத்துக்குக் கூலி இல்லை என்று நினைத்துத்தான் வெளியூர்க் குழுக்கள் தாங்களே வழிகாட்டின. தமிழ்நாடு அரசு 2024-இல் மலையேற்றத்தைப் புதிய ஏற்பாட்டில் தொடங்கியது. நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, காட்டை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களை வழிகாட்டிகளாக வைத்தது. ஊர்க்காரரின் அறிவுக்கு ஊதியம் கொடுப்பது தருமம் அல்ல. வருகிறவரின் உயிருக்குப் பாதுகாப்பு.

கூட்டத்துக்கு ஒரு வரம்பு

ஒரு கிணற்றில் எத்தனை குடம் இறைக்கலாம் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் இறைத்தால் சேறுதான் வரும். மலையூருக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கோடையில் வண்டிகள் குவிந்தன. ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவும் வழி இல்லாமல் நின்றார்கள். குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு. சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைத்தார்கள். ஊட்டிக்கு வேலை நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. உள்ளூர் வண்டிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இமயமலையில் பூட்டான் என்று ஒரு சிறு நாடு. 1974-இல்தான் சுற்றுலாவுக்குக் கதவைத் திறந்தது. திறந்த நாளிலிருந்தே எண்ணி அளந்துதான் விடுகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர் ஓர் இரவுக்கு 100 டாலர் அரசுக்குக் கட்ட வேண்டும். இந்தியர்களுக்கு 1,200 ரூபாய். அந்தப் பணம் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் காட்டுக்கும் போகிறது. குறைவான பேர் வந்தாலும் நிறைவாக வரட்டும் என்பது அவர்கள் கொள்கை.

பூட்டான் ஒரு நாடு. பெருமாட்டி ஒரு பஞ்சாயத்து. ஒரு பஞ்சாயத்தால் என்ன முடியும் என்று யாராவது கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல இந்த மண்ணை விடப் பொருத்தமான இடம் வேறில்லை.

பிளாச்சிமடை சொன்ன பாடம்

2000-ஆம் ஆண்டில் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. வேலை வரும், வளர்ச்சி வரும் என்று சொன்னார்கள். அனுமதி கொடுத்ததும் பெருமாட்டிப் பஞ்சாயத்துதான். கொஞ்ச நாளில் பக்கத்துக் கிணறுகளில் நீர் இறங்கியது. இருந்த நீரும் குடிக்கவோ சமைக்கவோ ஆகவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22-இல் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் இரவாளர், மலசர் பெண்கள். அவர்களில் ஒருவரான மயிலம்மாவின் பெயர் நாடெங்கும் தெரிந்தது.

2003-இல் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு நடந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு இப்படி வந்தது, இன்னொன்று அப்படி வந்தது. உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017-இல் அங்கே மீண்டும் ஆலையை நடத்தும் எண்ணம் இல்லை என்று கம்பெனி நீதிமன்றத்தில் சொன்னது. பாதிப்பின் மதிப்பு 216 கோடி ரூபாய் என்று 2010-இல் அரசு அமைத்த குழு கணக்கிட்டது. இழப்பீட்டுக்காகச் சட்டமன்றம் 2011-இல் மசோதாவும் நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இந்தக் கதையில் இரண்டு பாடம். பஞ்சாயத்தின் ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பது ஒன்று. கையெழுத்துப் போடும் முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்காவிட்டால், பிறகு கேட்க எத்தனை ஆண்டு ஆகும் என்பது இன்னொன்று.

குளிர்பான ஆலை வேறு, சுற்றுலா விடுதி வேறு. உண்மைதான். ஆனால் நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் இந்தப் பூமிக்கடியிலிருந்துதான் வர வேண்டும். சித்தூர் வட்டம் மழை குறைந்த பகுதி. ஆழ்குழாய் எவ்வளவு ஆழம் போகிறது என்று இங்குள்ள உழவரைக் கேட்டால் சொல்வார்.

காட்டில் வாழ்பவர்களுக்கு இன்னொரு சட்டமும் துணை நிற்கிறது. அது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அவர்கள் வழிவழியாக வாழும் காட்டைக் காக்கவும் ஆளவும் கிராமசபைக்கு அது உரிமை கொடுக்கிறது. வாழச்சால் பகுதிக் காடர் மக்கள் 2014-இல் இந்தச் சட்டப்படி சமூக வன உரிமை பெற்றார்கள். மனு எழுதினார்கள். எல்லையை வரைபடமாக வரைந்தார்கள். கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினார்கள். அதற்கெல்லாம் எழுத்து தேவைப்பட்டது.

கிராமசபையில் கேட்க

நாளை யாராவது வந்து, "உங்கள் ஊர் அழகாக இருக்கிறது, இங்கே சுற்றுலா கொண்டு வருகிறோம்" என்று சொல்லலாம். உடனே வேண்டாம் என்று விரட்டவும் வேண்டாம். உடனே சரி என்று தலையாட்டவும் வேண்டாம். கிராமசபையில் உட்கார வைத்து ஆறு கேள்வி கேட்கலாம்.

ஒன்று: நிலம் யாருடையதாக இருக்கும்? விற்பனையா, குத்தகையா, எத்தனை ஆண்டு?

இரண்டு: தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு?

மூன்று: வேலை எத்தனை பேருக்கு? கூலி வேலை மட்டுமா, பொறுப்பான வேலையுமா? காய்கறியும் பாலும் ஊரில் வாங்குவீர்களா?

நான்கு: குப்பையும் கழிவு நீரும் எங்கே போகும்?

ஐந்து: ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்? எங்கே வரக் கூடாது?

ஆறு: ஊருக்குப் பிடிக்காவிட்டால் நிறுத்த வழி என்ன?

பதிலை வாயால் சொன்னால் போதாது. எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுதியதை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். புரியாத சொல் வந்தால் நிறுத்தி, பொருள் கேட்க வேண்டும். புரிந்த பிறகுதான் தீர்மானம், அதன் பிறகுதான் கையெழுத்து.

முன்பு காகிதத்தை நீட்டினால் கட்டைவிரல் நீளும். காகிதத்தில் என்ன இருந்தது என்று பல குடும்பங்களுக்கு நிலம் போன பிறகே தெரிந்தது. இந்த மையத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த அக்காமார்களும் அண்ணன்மார்களும் இனி அந்தக் காகிதத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார்கள். நீட்டியவர் அதுவரை காத்திருக்கட்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளி திண்ணையில் காத்திருப்பது முறைதானே.